வேலை இருக்கிறது, மேசை இல்லை: தெஹிவளைப் பக்கம் எங்கே இருந்து வேலை செய்வது?

தெஹிவளை, கல்கிசை, களுபோவில, கொஹுவல பகுதிகளில் எமது வீடுகளுக்குள் சில வருடங்களாக ஒரு புதுப் பிரச்சினை இருக்கிறது. பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த வேலையைச் செய்ய இடம் இல்லை. கணக்கியல் படித்த மகள் இலண்டனிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறாள். மகன் துபாய்க் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்கிறான். மருமகன் மென்பொருள் எழுதுகிறார். மூவருக்கும் இருப்பது ஒரே சாப்பாட்டு மேசை. அதே மேசையில்தான் கடைசிப் பிள்ளை ஸ்கூல் பாடம் செய்கிறது. குசினியில் பிரஷர் குக்கர் கூவுகிறது. வீதியில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி, எல்லோருக்கும் பழகிப்போன அந்தப் பீத்தோவன் மெட்டோடு வந்து வாசலில் நிற்கிறது. மறுமுனையில் இருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் முதல் நாள் சிரிப்பார். நாலாவது தடவை சிரிக்க மாட்டார்.

இதை ஒரு சின்ன அசௌகரியமாக மட்டும் பார்க்க முடியாது. தூர இருந்து வேலை செய்யும் பதவிகளுக்கான நேர்முகப் பரீட்சைகளில் இப்போது நேரடியாகவே கேட்கிறார்கள்: தனி அறை இருக்கிறதா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, இணைய வேகம் எவ்வளவு. பாடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளை இந்த இடத்தில் தடுமாறுகிறது. எனெக்ஸ் வீட்டில் இரண்டு அறைகளுக்குள் ஆறு பேர் வாழும் குடும்பத்துக்கும், மேல்மாடியில் ஓர் அறையைச் சும்மா பூட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இடையிலான வித்தியாசம், ஒரே பட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகளின் சம்பளத்தில் போய் நிற்கிறது.

வீட்டில் இருந்து வேலை செய்யலாம் என்பதை நாம் 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டபோது அறிந்துகொண்டோம். வீடு எப்போதும் காரியாலயம் ஆகிவிடாது என்பதை 2022 கற்றுத் தந்தது. அவ்வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அந்த நெருக்கடி கடந்து போனது. ஆனால் அந்த நாட்களில் வெளிநாட்டு வேலைகளைத் தேடிப் பிடித்த எமது இளைஞர் யுவதிகள் பலர் இன்றும் அதே வேலைகளில்தான் இருக்கிறார்கள்.

கோவர்க்கிங் என்றால் என்ன, அது ஏன் எமது பக்கம் குறைவு?

கோவர்க்கிங் என்ற சொல் பலருக்கு இன்னும் புதிது. ஒரு பெரிய மண்டபத்தை ஒருவர் எடுத்து, மேசை, கதிரை, இணையம், ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் போட்டு, கதிரை கதிரையாக நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ விடுவதுதான் அது. 2005இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் எழுத்தாளர், தனியாக வேலை செய்து அலுத்துப்போய் வேறு சிலரையும் சேர்த்து ஓர் இடத்தில் இருந்து வேலை செய்யத் தொடங்கியபோது இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். பின்னர் அது பெரும் வியாபாரமானது. 2010இல் நியூயோர்க்கில் தொடங்கிய வீவர்க் நிறுவனம் உலகம் முழுவதும் கட்டடங்களை எடுத்து, 2023 நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது. காரணம் சிக்கலானதல்ல. கட்டட உரிமையாளரிடம் பல வருடங்களுக்கு ஒப்பந்தம், கதிரை எடுப்பவரிடம் ஒரு மாத ஒப்பந்தம். ஆள் வராவிட்டாலும் வாடகை நிற்காது.

எமது நாட்டிலும் கணக்கு இதுதான். 2018இல் கொழும்புக் கோட்டையில் தொடங்கிய ஹெச் போன்ற இடங்கள் நகரத்தின் நடுவில் இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே வங்கிகள், வெளிநாட்டுக் கம்பனிகள், கூட்டம் நடத்த மண்டபம் தேடுபவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கிறார்கள். புறநகரில் இடம் எடுத்துக் கதிரை போடுபவருக்கு வாடகை ஓரளவு குறையலாம். ஜெனரேட்டர் டீசலுக்கும் இணையத்துக்கும் ஏசிக்கும் செலவு குறையாது. ஆகவே தெஹிவளைப் பக்கம் இப்படியான இடங்கள் தோன்றுவதும், ஒன்றிரண்டு வருடத்தில் ஆடைக் கடையாகவோ உணவகமாகவோ மாறுவதும் ஆச்சரியமில்லை. ஒரு நண்பர் இரண்டு வருடத்துக்கு முன் சொன்ன இடத்தைத் தேடிப் போவதற்கு முன் ஒரு போன் போட்டுவிட்டுப் போவது நல்லது.

அப்படியானால் கோட்டைக்கே போகலாமே என்று கேட்கலாம். தெஹிவளைச் சந்தியிலிருந்து கோட்டைக்குச் சுமார் பத்து கிலோமீற்றர்தான். ஆனால் காலையில் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு அந்தப் பத்து கிலோமீற்றர் எவ்வளவு நீளம் என்று தெரியும். கரையோர ரயில் விரைவு. ஆனால் களுபோவிலயிலோ கொஹுவலயிலோ இருப்பவர் முதலில் ஸ்டேஷனுக்கு வந்து சேர வேண்டும். போகவும் வரவும் இரண்டரை மணித்தியாலம் கொடுத்துவிட்டு, மேசைக்கும் காசு கொடுப்பதென்றால், வீட்டிலிருந்து வேலை செய்வதால் கிடைத்த இலாபம் எங்கே? நடந்து போகக்கூடிய, அல்லது ஒரு குறுகிய முச்சக்கர வண்டிப் பயணத்தில் அடையக்கூடிய இடம்தான் எமக்கு வேண்டும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

இடம் தேடுபவர்கள் பெரும்பாலும் வாடகையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என் அபிப்பிராயம், வாடகைக்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை. அதிலிருந்துதான் உங்களுக்கு எந்த நேரத்தில் மேசை தேவை என்பது தெரியும்; அது தெரிந்தால் பாதி இடங்கள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

மெல்பேர்னில் காலை 9 மணி என்றால் எமக்கு அதிகாலை 4.30. அங்கே கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும் மாதங்களில் 3.30. அவர்களுடைய முழு வேலை நாளும் எமது லுஹருக்கு முன்னரோ அதை ஒட்டியோ முடிந்துவிடும். சவூதியில் காலை 8 மணி எமக்கு 10.30, துபாயில் 8 மணி எமக்கு 9.30, இது கிட்டத்தட்ட எமது காரியாலய நேரமே. இலண்டன் வேறு மாதிரி. அங்கே 9 மணி என்பது எமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, மார்கழிக் குளிரில் 2.30. அங்கே ஐந்து மணிக்கு அவர்கள் எழும்பும்போது இங்கே இரவு 9.30 அல்லது 10.30. நியூயோர்க் வேலை என்றால் மாலை 6.30க்கோ 7.30க்கோ தொடங்கி நடுநிசி தாண்டிப் போகும்.

இப்போது இடங்களின் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும் ஓர் இடம் சவூதி வேலைக்காரருக்கு அருமை. இலண்டன் வேலைக்காரருக்கு அரை நாள்கூட இல்லை. நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். நியூயோர்க் வேலை செய்பவர் வெளியே இடம் தேடுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், அந்தக் காசை வீட்டின் ஒரு மூலையைச் சரிசெய்யப் போடுவதே புத்தி. இரவில் வீடு அமைதியாகத்தான் இருக்கும். அவருக்குத் தேவை மின்சாரமும் இணையமும் அறாமல் இருப்பது.

கிழமை நாட்களும் முக்கியம். சவூதியில் ஞாயிறு வேலை நாள், வெள்ளி விடுமுறை. எமிரேட்ஸ் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. எமது பக்கம் ஞாயிற்றுக்கிழமை மூடும் இடங்கள் அதிகம் என்பதால், சவூதி வேலைக்காரர் மாதப் பணம் கட்ட முன்னர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

கோப்பிக் கடையின் உண்மைச் செலவு

பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கோப்பிக் கடை. காலி வீதியிலும் நுகேகொடைப் பக்கமும் இப்போது கடைகளுக்குக் குறைவில்லை, ஏசியும் வைஃபையும் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைப் பட்டியலில் ஒரு கோப்பி 700 ரூபா என்று இருந்தால், 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 770. அதன்மேல் 18 வீத வற் வரி சேர்ந்தால் 908 ரூபாவுக்கு மேல். நாள் முழுக்க ஒரு கோப்பியோடு இருந்தால் மனச்சாட்சி உறுத்தும், பரிமாறுபவரும் பார்க்கத் தொடங்குவார். இரண்டு என்று வைத்தால் மாதத்தில் இருபது நாளைக்கு 36,000 ரூபாவைத் தாண்டுகிறது. இதில் இன்னும் சாப்பாடு இல்லை. இத்தனைக்கும் கதிரை உங்களுடையதல்ல. பின்னேரம் கூட்டம் வந்தால் எழும்ப வேண்டும், பிளக் பொயின்ட் சுவரோரத்து மேசைகளில்தான் இருக்கும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் மாற்றத்துக்குப் போக, அல்லது ஒருவரைச் சந்திக்க, கோப்பிக் கடை நல்லது. தினசரி வேலையிடமாக அது பொருந்தாது. வாடிக்கையாளரின் வங்கி விபரங்களையோ நோயாளிகளின் கோவைகளையோ கையாள்பவர்கள் அங்கே திறக்கவே கூடாது. பல கம்பனிகளின் ஒப்பந்தத்தில் பொது இடத்தில் இருந்து வேலை செய்யக் கூடாது என்று எழுதியே இருக்கும். கையெழுத்துப் போட்டபோது வாசிக்காமல் விட்டவர்கள் இப்போதாவது எடுத்து வாசிப்பது நல்லது. கோவர்க்கிங் இடங்களுக்கும் இது சில வேளை பொருந்தும்.

நூலகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாநகர சபை நூலகங்களின் வாசிப்பு மேசைகளுக்கு யாரும் கோப்பி வாங்கச் சொல்வதில்லை. போனில் பேச முடியாது, பொது விடுமுறையில் மூடியிருக்கும், பிளக் பொயின்ட் எல்லா மேசையிலும் கிடைக்காது. ஆனால் மொழிபெயர்ப்பு, கணக்கு, வடிவமைப்பு, பரீட்சைப் படிப்பு போன்ற வாய் திறக்கத் தேவையில்லாத வேலைகளுக்கு எமது பக்கத்தில் கிடைக்கும் மலிவான அமைதி அதுதான். லெப்டொப் பெற்றரி ஐந்து மணித்தியாலம் தாங்குமென்றால் பிளக் பொயின்ட் பிரச்சினையும் பாதி தீர்ந்தது.

பணம் கட்ட முன்னர்

ஓர் இடம் பிடித்திருந்தால், மாதப் பணத்தை உடனே கட்டிவிட வேண்டாம். ஒரு நாள் கட்டணம் கட்டி, உங்கள் உண்மையான வேலை நேரத்தில் போய் இருங்கள். காலை பத்து மணிக்கு எந்த இடமும் அழகாகத்தான் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு, எல்லாக் கதிரையும் நிறைந்து, நாலு பேர் ஒரே நேரத்தில் கூட்டத்தில் பேசும்போதுதான் அந்த இடத்தின் குணம் தெரியும். அந்த நேரத்தில் போனில் ஒரு வேகப் பரிசோதனை செய்யுங்கள். பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவது பதிவிறக்க வேகத்தை. காணொளிக் கூட்டத்தில் உங்கள் முகமும் குரலும் போய்ச் சேருவது பதிவேற்ற வேகத்தில். ஸூம் போன்றவற்றில் ஒருவர் நல்ல தரத்தில் பேச 3 எம்பிபிஎஸ் பதிவேற்றம் நிலையாக இருந்தால் போதும். 50 எம்பிபிஎஸ் காட்டிவிட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விழும் இணைப்பைவிட, ஆடாமல் நிற்கும் 5 எம்பிபிஎஸ் மேல்.

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அது எதற்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிறது என்று கேளுங்கள். சில இடங்களில் மின்விளக்கும் மின்விசிறியும் மட்டும் எரியும், பிளக் பொயின்ட்டுக்கு வராது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரையுள்ள அரை நிமிடத்தில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும்பச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்தச் சில நிமிடங்களில்தான் கூட்டம் அறுபடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்வெட்டு அட்டவணை இல்லாத காலத்திலும் மின்சாரம் போகும்.

வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு மலிவான தீர்வு இருக்கிறது. கண்ணாடி இழை இணைப்பில், தொலைத்தொடர்பு நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவிகள் பொதுவாக இல்லை. ஆகவே ஊரெல்லாம் இருட்டாக இருந்தாலும், உங்கள் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் இணையம் பெரும்பாலும் வேலை செய்யும். ரவுட்டர் சாப்பிடுவது பத்து வாற்று அளவுதான். 12 வோல்ட் மினி யூபிஎஸ் என்று கடைகளில் விற்கும் சின்னப் பெட்டி ஒன்றை இடையில் கொழுவினால் போதும். 8,800 மில்லியம்பியர் மணி என்று எழுதப்பட்ட பெட்டியில் சுமார் 32 வாற்று மணி சக்தி இருக்கும். இழப்புகள் போக இரண்டரை மணித்தியாலம் இழுக்கும். வாங்கும்போது உங்கள் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கணினிக்கு வைக்கும் பெரிய யூபிஎஸ் வீட்டில் இருந்தால் அதையும் இதற்குப் பயன்படுத்தலாம்; பெற்றரி நல்ல நிலையில் இருந்தால், ரவுட்டரின் சிறிய சுமையை அது சில நிமிடங்களைவிட நீண்ட நேரம் தாங்கும். மொபைல் டேட்டாவை இரண்டாவது வழியாக வைத்திருங்கள். ஆனால் நீண்ட மின்வெட்டில் கோபுரங்களின் பெற்றரியும் இறங்கிவிடும் என்பதை 2022இல் பார்த்தோம். காணொளிக் கூட்டம் மணிக்கு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாதக் கட்டணமா நாள் கட்டணமா என்பதற்கு ஒரு சின்ன வழி: மாதக் கட்டணத்தை நாள் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை பன்னிரண்டு வந்தால், மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் நிச்சயமாகப் போவேன் என்றால் மட்டும் மாதம் எடுங்கள். முதல் மாத உற்சாகத்தில் எல்லோரும் தினமும் போவோம் என்றுதான் நினைக்கிறோம்.

சகோதரிகளுக்கு

எமது பக்கத்தில் இந்தப் பிரச்சினையால் முதலில் வேலையை விடுபவர்கள் பெண்கள். மகன் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டால் அவன் வேலை செய்கிறான் என்று வீடே அமைதியாகும். மகளோ மருமகளோ கதவைப் பூட்டினால், ஐந்து நிமிடத்தில் யாராவது தட்டுவார்கள்: உப்பு எங்கே, பிள்ளை அழுகிறது, மாமி வந்திருக்கிறார். வீட்டில் இருப்பதால் அவள் சும்மா இருப்பதாகவே எண்ணம். அவள் அனுப்பும் கோவை பிந்துகிறது, இரண்டு தடவை எச்சரிக்கை வருகிறது, பிறகு “இது சரிவராது” என்று அவளே எழுதிக் கொடுத்துவிடுகிறாள். கல்வியில் எமது பெண் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று மேடைகளில் பேசும் நாம், அந்தக் கல்வி ஒரு கதவுத் தாழ்ப்பாள் இல்லாமல் வீணாவதைக் கவனிப்பதில்லை.

வெளியே இடம் தேடும் சகோதரிகள் கேட்க வேண்டியவை வேறு. பெண்களுக்குத் தனிக் கழிவறை, வுழூ செய்ய இடம், தொழ ஒரு மூலை. இலண்டன் நேரத்தில் வேலை செய்பவருக்கு அஸர், மஃரிப், இஷா மூன்றும் வேலை நேரத்துக்குள்ளேயே வரும். அந்த இடம் எந்த மாடியில், படிக்கட்டில் வெளிச்சம் இருக்கிறதா, எட்டு மணிக்குப் பிறகு அங்கே யார் இருப்பார்கள், கீழே இறங்கினால் முச்சக்கர வண்டி கிடைக்குமா என்பவற்றை ஒரு தடவை இரவில் போய்ப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெற்றோரும் கணவரும் இதில் அஞ்சுவது நியாயமானது. அதற்குப் பதில், வேலையை விடச் சொல்வதைவிட, கூடவே போய் இடத்தைப் பார்ப்பதுதான்.

சும்மா கிடக்கும் அறைகள்

கோவர்க்கிங் என்று பெயர்ப் பலகை போட்ட இடம் எமது பக்கம் குறைவு என்பதால் இடமே இல்லை என்று ஆகிவிடாது. சுற்றிப் பாருங்கள். தெஹிவளையிலும் நுகேகொடையிலும் டியூஷன் மண்டபங்கள் எத்தனை? பாடசாலை பிற்பகல் 1.30க்கு விடுகிறது, அதற்கு முன்னர் கிழமை நாட்களில் அந்த மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. மேசை, கதிரை, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. காலை 8 முதல் 1.30 வரை ஓர் அறையைக் குறைந்த வாடகைக்குத் தருவீர்களா என்று உரிமையாளரைக் கேட்டால், மறுப்பதற்கு அவருக்குக் காரணம் அதிகம் இல்லை. உள்ளூர்க் கம்பனிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ வேலை செய்பவருக்கு இந்த நேரம் சரியாகப் பொருந்தும். இலண்டன் காரருக்குப் பொருந்தாது. சவூதி காரர் பாதி நாளை இங்கே கழித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபங்களை நினைத்தும் பார்க்க முடியாது. அன்றுதான் உயர்தர மாணவர்களால் நிரம்பி வழியும்.

நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுப்பது இன்னொரு வழி. வாடகை 45,000, இணையம் 7,000, மின்சாரம் 12,000, துப்பரவும் தேநீரும் 6,000 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 70,000. ஐந்து பேருக்கு ஆளுக்கு 14,000. இடத்துக்கு இடம் தொகை மாறும், பிரித்துப் பார்க்கும் முறை மாறாது. இதில் நட்பைக் கெடுக்கும் விடயம் மின்சாரக் கட்டணம். வீட்டு உரிமையாளரின் மீற்றரிலேயே உங்கள் அறையும் ஓடினால், மாதம் 180 அலகைத் தாண்டும் பகுதிக்கு அதி உயர்ந்த கட்டணம் விழும். ஏசி போட்டது நீங்கள், பில் பார்த்து அதிர்ச்சியடைவது அவர். தனி மீற்றர் அல்லது உப மீற்றர் இல்லாமல் சாவியை வாங்க வேண்டாம். ஒருவர் இடையில் விலகினால் அவருடைய பங்கு யாருடையது என்பதையும் முதல் நாளே வட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள்.

இனி, பலரும் மனதுக்குள் நினைத்தும் வெளியே கேட்கத் தயங்கும் ஓர் இடம். எமது பள்ளிவாசல்கள் பலவற்றில் மேல்மாடி மண்டபங்களும் மத்ரஸா அறைகளும் உண்டு. குர்ஆன் மத்ரஸா பெரும்பாலும் பின்னேரத்தில் நடக்கிறது. கிழமை நாட்களில் காலை எட்டு மணி முதல் லுஹர் வரை அந்த அறைகளில் மின்விசிறிகூடச் சுற்றுவதில்லை. தொழும் இடத்தைத் தொடாமல், தனி வாசலுள்ள ஓர் அறையைப் படிக்கவும் வேலை செய்யவும் திறந்துவிடுவது பெரிய செலவில்லாத காரியம். சமூகத்தின் பணத்தில் கட்டப்பட்ட கட்டடம், சமூகத்தின் பிள்ளை ஒருவர் உழைத்துச் சம்பாதிக்க உதவுவதில் தவறில்லை என்பதே என் கருத்து.

நிர்வாக சபைகளின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வக்ஃப் சொத்து 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. வருமானம் வந்தால் நம்பிக்கையாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே கட்டணம் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் கேட்டு, பற்றுச்சீட்டு, தனிக் கணக்கு என்று ஒழுங்காகத் தொடங்க வேண்டும். கட்டடத்தை நன்கொடையாகக் கொடுத்தவர் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார் என்பதையும் பத்திரத்தில் பார்க்க வேண்டும். சத்தம், பெண்களுக்கான நேரம், யார் உள்ளே வருகிறார்கள் என்ற பதிவு, இணையப் பாவனை பற்றிய விதி எல்லாம் கதவைத் திறக்க முன்னர் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது மாதத்தில் ஒரு முறைப்பாடு வரும், மூன்றாவது மாதத்தில் அறை மீண்டும் பூட்டப்படும்.

தொடங்குவதென்றால் ஓர் அறை போதும். பத்துக் கதிரை, ஒரு கண்ணாடி இழை இணைப்பு, ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், சுவரில் நாலு பிளக் பொயின்ட். வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும், இரண்டு நாள் ஆண்களுக்கு, வெள்ளி பூட்டு. மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக வைத்து, எத்தனை பேர் வந்தார்கள், மின்சார பில் எவ்வளவு கூடியது என்ற இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால், தொடர்வதா விடுவதா என்று நிர்வாக சபை வாதிட வேண்டியிராது. நோன்பு மாதத்தில் தொடங்க வேண்டாம். அந்த மாதத்தில் எல்லா மண்டபமும் நிறைந்திருக்கும். பெருநாள் கழிந்து, பாடசாலைத் தவணை ஆரம்பிக்கும் வாரம் இதற்குத் தோதான நேரம்.